மனித மைட்டோரைபோசோமின் 82 புரதங்கள்: பெயரால் அல்ல, இடத்தால் படிக்க ஒரு முழு வழிகாட்டி

நம் செல்லில் புரதம் தயாராகும் இடம் இரண்டு. ஒன்று சைட்டோபிளாசம். செல்லுக்கு வேண்டிய புரதங்களில் அநேகமாக எல்லாமே அங்கேதான் உருவாகின்றன. இன்னொன்று மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே. அங்குள்ள ரைபோசோம், அதாவது புரதம் கட்டும் எந்திரம், மைட்டோரைபோசோம் எனப்படும். அது தயாரிப்பது மொத்தமே 13 புரதங்கள். ஆனால் அந்த 13-ஐத் தயாரிக்கும் ரைபோசோமைக் கட்ட 82 புரதங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றைக்கூட மைட்டோகாண்ட்ரியா தானாகச் செய்துகொள்வதில்லை. அத்தனையும் வெளியிலிருந்து வந்து சேர வேண்டும்.

இதைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் 82 பெயர்கள் கொண்ட அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். இரண்டாம் நாளே சலித்துவிடும். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை, பெயர்கள் அப்படி. இந்தப் புரதங்களை அவை உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அது என்ன செய்கிறது, அது கெட்டால் எது கெடும் என்பதில் பாதி தானாக விளங்கிவிடும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன்.

படி 1: முதலில் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

மனித மைட்டோரைபோசோமின் அளவு 55எஸ். அது துணையலகுகள் என்ற இரண்டு துண்டுகள் சேர்ந்தது: சிறு துணையலகு 28எஸ், பெரிய துணையலகு 39எஸ். 28-ஐயும் 39-ஐயும் கூட்டினால் 67 ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். எஸ் என்பது எடை அல்ல. அதிவேகமாகச் சுழற்றும்போது ஒரு துகள் எவ்வளவு வேகமாகக் கீழே படிகிறது என்பதன் அளவு. வடிவமும் அடர்த்தியும் அதை மாற்றிவிடும் என்பதால் அதைக் கூட்டிப் பார்க்க முடியாது.

இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு விஷயமும் பிடிபடும். பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ், நம் மைட்டோரைபோசோம் 55எஸ். எண்ணைப் பார்த்தால் நம்முடையது சிறியது என்று தோன்றும். எடையில் அது பாக்டீரியாவினுடையதற்குக் குறைந்ததே இல்லை. ஆர்என்ஏ குறைந்து புரதம் கூடியிருப்பதால் அடர்த்தி குறைவு, அதனால் மெதுவாகப் படிகிறது, அவ்வளவுதான்.

ஆர்என்ஏ எவ்வளவு குறைந்திருக்கிறது? ஈ.கோலை பாக்டீரியாவில் மூன்று ரைபோசோம் ஆர்என்ஏக்களும் சேர்ந்து ஏறக்குறைய 4,560 நியூக்ளியோடைடுகள், அதாவது ஆர்என்ஏவின் எழுத்துகள். நம் மைட்டோரைபோசோமில் 12எஸ் ஆர்என்ஏ சுமார் 950, 16எஸ் ஆர்என்ஏ சுமார் 1,560. இரண்டும் சேர்ந்தாலும் சுமார் 2,500தான். பாக்டீரியாவில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏ, ஒரு பங்கு புரதம். இங்கே அது அப்படியே தலைகீழ்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பாக்டீரியாவில் 16எஸ் ஆர்என்ஏ சிறு துணையலகைச் சேர்ந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் அதே 16எஸ் என்ற பெயர் பெரிய துணையலகின் ஆர்என்ஏவுக்கு. இந்த ஒரு இடத்தில் தடுமாறினால் பின்னால் வரும் எல்லாமே மாறிப்போகும்.

புரதங்களின் கணக்கு: சிறு துணையலகில் 30, பெரியதில் 52. சில கட்டுரைகளில் 80 என்று இருக்கும். 2015-ல் வெளியான முதல் முழுக் கட்டமைப்பில் 80 புரதங்களை அடையாளம் கண்டிருந்தார்கள். அவற்றில் 36 மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரியவை, பாக்டீரியா ரைபோசோமில் அவற்றுக்கு இணை கிடையாது.

படி 2: பெயர்களின் குழப்பத்தை ஒரே மூச்சில் தீர்த்துவிடுங்கள்

பழைய முறையில் பெயர்கள் எம்ஆர்பிஎஸ், எம்ஆர்பிஎல் என்று தொடங்கும். எஸ் என்றால் சிறு துணையலகு, எல் என்றால் பெரியது. பின்னால் ஓர் எண். மனித மரபணுக்களின் அதிகாரப்பூர்வப் பெயர்கள் பெரும்பாலும் இன்னும் இந்த முறையில்தான் இருக்கின்றன, நோயாளிகளின் மரபணு அறிக்கையிலும் இவையே வரும்.

புதிய முறை 2014-ல் வந்தது. அதில் முதல் எழுத்து அந்தப் புரதத்தின் பூர்வீகத்தைச் சொல்லும். யு என்றால் எல்லா உயிர்களிலும் உள்ளது. பி என்றால் பாக்டீரியாவிலும் உள்ளது. எம் என்றால் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் உள்ளது. யு, பி வகைகள் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும்போது கடைசியில் ஓர் எம் சேரும். ஆக யுஎஸ்12எம் என்று பார்த்தால், எல்லா உயிர்களிலும் உள்ள, சிறு துணையலகின் 12-ஆம் புரதம், இது அதன் மைட்டோகாண்ட்ரியா வடிவம் என்று படித்துவிடலாம். எம்எல்45 என்றால் மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரிய, பெரிய துணையலகின் புரதம்.

புதிய முறை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு எம்ஆர்பிஎஸ்18 ஒன்றே போதும். மனிதரில் இதற்கு ஏ, பி, சி என்று மூன்று மரபணுக்கள். பெயரில் எஸ் இருப்பதால் மூன்றும் சிறு துணையலகில் இருக்க வேண்டும். கட்டமைப்பைப் பார்த்தபோது சி மட்டுமே பாக்டீரியாவின் எஸ்18 இருக்கும் இடத்தில் இருந்தது, அது பிஎஸ்18எம். பி என்பது சிறு துணையலகில் வேறோர் இடத்தில் இருந்தது, அதற்குப் புதுப் பெயர் எம்எஸ்40. ஏ இருந்ததோ பெரிய துணையலகில்! அது இப்போது எம்எல்66. எம்ஆர்பிஎஸ்30-க்கும் இதே கதைதான், பெயரில் எஸ் இருந்தாலும் அதன் இடம் பெரிய துணையலகு, புதுப் பெயர் எம்எல்65. இன்னும் ஒரு படி மேலே போனால் எம்ஆர்பிஎஸ்36. அது ரைபோசோம் புரதமே அல்ல, ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதிக் கூட்டமைப்பின் உறுப்பினர் என்று பின்னர் தெரியவந்தது.

சில புரதங்களின் பெயரில் ரைபோசோமின் வாடையே இருக்காது. டிஏபி3 என்றால் செல் இறப்போடு தொடர்புடைய மூன்றாம் புரதம் என்று பொருள். அது உண்மையில் எம்எஸ்29. பிடிசிடி3 என்பது எம்எஸ்39. சிஎச்சிஎச்டி1 என்பது எம்எஸ்37. ஐசிடி1 என்பது எம்எல்62. வேறு வேறு ஆய்வுக்கூடங்கள் வேறு வேறு காரணத்துக்காகக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவை இவை, ரைபோசோமில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. எனவே ஒரு பட்டியலில் எம்ஆர்பி என்று தொடங்கும் மரபணுக்களை மட்டும் வடிகட்டி எடுத்தால் சிலவற்றை விட்டுவிடுவீர்கள், சிலவற்றைத் தவறாகச் சேர்த்துவிடுவீர்கள். புதுப் பெயர், பழைய பெயர், மரபணுப் பெயர் மூன்றையும் ஒரே வரியில் எழுதிய அட்டவணை ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், தேவைப்படும்போது திருப்பிப் பார்த்தால் போதும்.

படி 3: ஒரு புரதத்தின் பின்னாலேயே நடந்து போங்கள்

மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் 16,569 இணைகள், 37 மரபணுக்கள். 1981-லேயே இதன் முழு வரிசையும் வெளியாகிவிட்டது. 37-ல் 13 புரதங்களுக்கு, 22 அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கடத்தி ஆர்என்ஏக்களுக்கு, 2 ரைபோசோம் ஆர்என்ஏக்களுக்கு. ரைபோசோமின் ஆர்என்ஏ உள்ளூர்ச் சரக்கு. புரதம் முழுக்க வெளியூர்ச் சரக்கு.

உட்கருவில் உள்ள மரபணு தூது ஆர்என்ஏவாக எழுதப்படுகிறது. சைட்டோபிளாசத்தின் 80எஸ் ரைபோசோம் அதைப் புரதமாக்குகிறது. அந்தப் புரதங்களில் பெரும்பாலானவற்றின் முன்முனையில் விலாசம் போல ஒரு துண்டு இருக்கும். வெளிச்சவ்வில் டாம், உள்சவ்வில் டிம் என்ற வாயில்கள் அந்த விலாசத்தைப் பார்த்து, புரதத்தை நூல் போல நீட்டி உள்ளே இழுக்கின்றன. உள்ளே போனதும் ஒரு நொதி விலாசத் துண்டை வெட்டி எறிகிறது.

பொதுவாக இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். பிஎல்32எம் என்ற ஒரு புரதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இதன் விலாசத் துண்டை வெட்டுவது வழக்கமான நொதி அல்ல, உள்சவ்வில் இருக்கும் எம்-ஏஏஏ என்ற புரதச் சிதைப்பான். அதன் வழக்கமான வேலை கெட்டுப்போன புரதங்களை முழுதாகத் தின்று தீர்ப்பது. இங்கேயும் அது முனையிலிருந்து தின்னத்தான் தொடங்குகிறது. ஆனால் பிஎல்32எம்-மின் ஒரு பகுதி இறுக்கமாக மடிந்து முடிச்சுப் போல இருக்கிறது. அந்த முடிச்சில் வந்து சிதைப்பான் நின்றுவிடுகிறது. மிஞ்சியது ரைபோசோமில் உட்காரத் தயாரான புரதம். இந்தச் சிதைப்பான்தான் பிஎல்32எம்-ஐ வெட்டுகிறது என்று ஈஸ்ட்டிலும் எலியிலும் 2005-ல் காட்டினார்கள். மனிதரில் இந்தச் சிதைப்பானின் ஓர் உறுப்பு கெட்டால் கால் தசைகள் விறைத்து நடை தளரும் ஒரு பரம்பரை நோய் வருகிறது. ரைபோசோமை நேரடியாகத் தொடாத ஒரு மரபணு எப்படி ரைபோசோம் உருவாவதைக் குலைக்கிறது என்று இந்த ஓர் உதாரணத்திலேயே பார்த்துவிடலாம்.

இன்னொன்று: இந்தப் புரதங்கள் தேவைக்குச் சரியாக அளந்து உள்ளே அனுப்பப்படுவதில்லை. பல புரதங்கள் தேவைக்கு அதிகமாகவே வருகின்றன, ரைபோசோமில் இடம் கிடைக்காதவை சிதைக்கப்படுகின்றன.

படி 4: கட்டமைப்பைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். புரதத் தரவு வங்கி என்ற இலவச இணையதளத்துக்குப் போய் 3ஜே9எம் என்ற குறியீட்டை ஆங்கில எழுத்தில் தேடுங்கள். கேம்பிரிட்ஜில் வெங்கி ராமகிருஷ்ணனின் குழுவில் அலெக்ஸி அமுன்ட்ஸ் முதலானோர் 2015-ல் வெளியிட்ட மனித மைட்டோரைபோசோம் அது. கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 3.5 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் கிடைத்தது. அதே காலத்தில் சூரிச்சில் நெனாட் பானின் குழு பன்றியின் மைட்டோரைபோசோமைக் கண்டறிந்தது. 1967-ல் ஓ'பிரையனும் கால்ஃபும் எலியின் ஈரலிலிருந்து இந்த ரைபோசோமைப் பிரித்தெடுத்ததிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத்தான் அதன் முகம் தெரிந்தது.

தளத்திலேயே முப்பரிமாணப் படத்தைச் சுழற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆர்என்ஏவுக்கு ஒரு நிறம், புரதங்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். ஆர்என்ஏ உள்ளே ஒளிந்துகொண்டு, புரதம் வெளியே போர்வை போல மூடியிருப்பது தெரியும். இழந்த ஆர்என்ஏவின் இடத்தைத்தான் புதுப் புரதங்கள் அடைத்தன என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். படத்தில் அப்படி இல்லை. காலியான இடத்தில் பெரும்பகுதி காலியாகவே இருக்கிறது, புதுப் புரதங்கள் பெரும்பாலும் புது இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. சரி, இப்போது அந்த மூன்று இடங்கள்.

முதல் இடம், தூது ஆர்என்ஏ நுழையும் வாசல். பாக்டீரியாவில் தூதின் தொடக்கத்துக்கு முன்னால் ஒரு சிறு அடையாள வரிசை இருக்கும், ரைபோசோம் அதைப் பிடித்துக்கொள்ளும். மனித மைட்டோகாண்ட்ரியாவின் தூதுகளில் அது கிடையாது. பெரும்பாலானவற்றில் முன்பகுதியே இல்லை, முதல் எழுத்திலிருந்தே செய்தி தொடங்கிவிடும். அப்படியானால் ரைபோசோம் தூதை எப்படிப் பிடிக்கும்? அங்கேதான் எம்எஸ்39 உட்கார்ந்திருக்கிறது. ஒற்றை இழை ஆர்என்ஏவைப் பற்றுவதற்கென்றே உள்ள ஒரு புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. எல்ஆர்பிபிஆர்சி என்ற துணைப் புரதம் தூதைச் சுமந்து வந்து இதன் கையில் சேர்க்கிறது.

இரண்டாம் இடம், பெரிய துணையலகின் உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் மைய முகடு. பாக்டீரியாவில் அங்கே 5எஸ் ஆர்என்ஏ இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் 5எஸ் இல்லை. அதற்குப் பதில் வேலின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் கடத்தி ஆர்என்ஏ ஒன்று அங்கே கட்டடத்தின் பகுதியாகவே மாறி நிற்கிறது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 12எஸ், 16எஸ் மரபணுக்களுக்கு நடுவில் இருப்பதும் இதே வேலின் கடத்திதான். பன்றியில் அதே இடத்தில் ஃபினைல்அலனின் கடத்தி இருக்கிறது. மனிதச் செல்லில் வேலின் கடத்தி குறைந்துபோனால் ஃபினைல்அலனின் கடத்தி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று 2016-ல் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இந்த ரைபோசோமிலேயே மிகவும் பிடித்த மூலை இதுதான். முகட்டைச் சுற்றிப் பார்த்தால் எம்எல்62 தென்படும். அது ஒரு நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது, இங்கே கட்டடத்தின் கல்லாகவும் இருக்கிறது. சிறு துணையலகின் தலைப் பக்கத்திலிருந்து எம்எஸ்29 வந்து இந்த முகட்டைத் தொடும். எம்எஸ்29 போல ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிணைக்கும் ஒரு புரதம் ரைபோசோமின் நிரந்தர உறுப்பாகவே இருப்பது பாக்டீரியாவில் இல்லாத விஷயம்.

மூன்றாம் இடம், புதிய புரதம் வெளியே வரும் சுரங்கத்தின் வாய். அந்த 13 புரதங்களும் உள்சவ்வில் பதிய வேண்டியவை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்குபவை. நடுவில் எங்காவது விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். அதனால் சுரங்க வாயிலேயே எம்எல்45 நின்று ரைபோசோமைச் சவ்வோடு சேர்த்துப் பிடிக்கிறது. அங்கே ஆக்ஸா1எல் என்ற பதிப்பான் புதிய புரதத்தை நேராகச் சவ்வுக்குள் வாங்கிக்கொள்கிறது. எம்எல்45-இன் ஒரு முனை சுரங்கத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதையும் சில கட்டமைப்புகளில் பார்க்கலாம். புதிய புரதம் வளர்ந்து வரும்போது அது வழிவிட வேண்டும்.

போகிற போக்கில் பெரிய துணையலகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டையும் பாருங்கள். அதைச் சேர்ந்த பிஎல்12எம் ஒரு ரைபோசோமில் ஆறு பிரதிகள் இருக்கும். ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதால் படத்தில் தெளிவாகத் தெரியாது. மொழிபெயர்ப்புக் காரணிகளை இழுத்துக்கொண்டு வருவது அதன் வேலை.

படி 5: கட்டும் வரிசையை மேலோட்டமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இதில் ஆழமாக இறங்கினால் தனிக் கட்டுரையே வேண்டும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பக்கத்திலேயே ஆர்என்ஏ துகள்கள் என்று சொல்லப்படும் சிறு திரள்கள் இருக்கின்றன, ரைபோசோம் கட்டும் பணி அங்கே தொடங்குகிறது. டிஎஃப்பி1எம் என்ற நொதி 12எஸ் ஆர்என்ஏவில் இரண்டு அடினின்களுக்கு மீத்தைல் குறி வைக்கிறது. ஈஆர்ஏஎல்1 அதே 12எஸ்-ஐப் பிடித்துக் காக்கிறது. பெரிய துணையலகின் 16எஸ்-க்கு எம்ஆர்எம்1, 2, 3 என்ற மூன்று நொதிகள் குறி வைக்கின்றன. முடியாத பெரிய துணையலகு அவசரப்பட்டுச் சிறியதோடு சேர்ந்துவிடாமல் மால்சு1 என்ற புரதம் நடுவில் நிற்கிறது. இந்த உதவியாளர்கள் வேலை முடிந்ததும் விலகிவிடுவார்கள், 82-ல் இவர்கள் சேர்த்தி இல்லை.

படி 6: நோயை இடத்திலிருந்து படியுங்கள்

இந்தப் புரதங்களில் ஒன்றின் மரபணு கெட்டால் நோய் வரும் என்பது 2004-ல் முதன்முதலாகத் தெரிந்தது. எம்ஆர்பிஎஸ்16 மரபணுவில் புரதத்தைப் பாதியில் நிறுத்திவிடும் மாற்றம், பிறந்த குழந்தைக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கடுமையாக ஏறிய நிலை. 2007-ல் எம்ஆர்பிஎஸ்22. 2013-ல் எம்ஆர்பிஎல்44, இதில் குழந்தைகளின் இதயத் தசை தடித்துப்போகிறது. 2015-ல் எம்ஆர்பிஎஸ்7, காது கேளாமையோடு ஈரலும் சிறுநீரகமும் செயலிழக்கும் நிலை. பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே ரைபோசோம், ஆனால் ஒரு குழந்தைக்கு இதயம், இன்னொரு குழந்தைக்கு மூளை, வேறொரு குழந்தைக்குக் காது. பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்களின் நிலை எளிதல்ல. அதனால்தான் ஆய்வுக்கூட முடிவுகளைச் சரியான வரிசையில் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

முதலில் சுவாசக் கூட்டமைப்புகளை, அதாவது உள்சவ்வில் ஆற்றல் தயாரிக்கும் ஐந்து புரதக் கூட்டங்களைப் பாருங்கள். அந்த 13 புரதங்களில் 7 முதல் கூட்டமைப்பிலும், 1 மூன்றாவதிலும், 3 நான்காவதிலும், 2 ஐந்தாவதிலும் இருக்கின்றன. இரண்டாவது கூட்டமைப்பில் ஒன்றுகூட இல்லை, அது முழுக்க உட்கருவின் மரபணுக்களால் ஆனது. எனவே மற்றவை குறைந்து இரண்டாவது மட்டும் சரியாக இருந்தால் உள்ளூர்ப் புரதத் தயாரிப்பில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். எல்லாம் ஒரே அளவில் குறைய வேண்டும் என்றில்லை. முதலாவதும் நான்காவதும்தான் பெரும்பாலும் அதிகம் அடிபடும்.

அடுத்து, தயாரிப்பையே நேரடியாகப் பார்க்கும் சோதனை. நோயாளியின் தோலிலிருந்து வளர்த்த செல்களில் எமெட்டின் சேர்த்துச் சைட்டோபிளாசத்தின் ரைபோசோம்களை நிறுத்திவிட்டு, கதிரியக்கக் கந்தகம் கொண்ட மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் உருவாகும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவினுடையது மட்டுமே. ஜெல்லில் ஓட்டினால் மேலே 603 அமினோ அமிலங்கள் கொண்ட என்டி5 முதல் கீழே 68 மட்டுமே கொண்ட ஏடிபி8 வரை வரிசையாகக் கோடுகள் தெரியும். எல்லாக் கோடுகளும் மங்கியிருந்தால் ரைபோசோம் அல்லது அதன் துணைக் காரணிகள் மீது சந்தேகம். ஒரே ஒரு கோடு மட்டும் இல்லையென்றால் வேறு இடத்தில் தேடுங்கள்.

பிறகு 12எஸ், 16எஸ் அளவுகள். சிறு துணையலகின் புரதம் கெட்டால் பெரும்பாலும் 12எஸ் குறையும், ஏனென்றால் போர்த்தப்படாத ஆர்என்ஏ நிலைப்பதில்லை. பெரியதின் புரதம் கெட்டால் 16எஸ் குறைய வாய்ப்பு அதிகம். படி 1-ல் சொன்ன எச்சரிக்கை இங்கேதான் கைகொடுக்கும்.

படி 7: ஆன்டிபயாட்டிக்குகளையும் விட்டுவிடாதீர்கள்

மைட்டோகாண்ட்ரியா பாக்டீரியாவின் வழிவந்தது என்பதால், பாக்டீரியா ரைபோசோமைக் குறிவைக்கும் சில மருந்துகள் இங்கேயும் வந்து உட்காரும். லினெசோலிடை நீண்ட நாள் கொடுக்கும்போது லாக்டிக் அமிலம் ஏறுவதும் இரத்த அணுக்கள் குறைவதும் இதனால்தான். குளோராம்ஃபெனிகாலால் வரும், மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் வகையான எலும்பு மஜ்ஜைத் தளர்ச்சிக்கும் காரணம் இதுவே.

இன்னும் நுட்பமானது 12எஸ் ஆர்என்ஏவின் மரபணுவில், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 1555-ஆம் இடத்தில், அடினின் குவானினாக மாறும் நிலை. 1993-ல் கண்டறியப்பட்டது. இந்த ஓர் எழுத்து மாறியதும் எதிரே உள்ள எழுத்தோடு புதிதாக ஓர் இணை உருவாகி, அந்தப் பகுதி பாக்டீரியாவினுடையதைப் போலவே ஆகிவிடுகிறது. அப்புறம் ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் அங்கே நன்றாக ஒட்டிக்கொள்ளும், செவித்திறன் போய்விடலாம். இந்த மாற்றம் தாய்வழி மட்டுமே வரும். தாய்வழி உறவில் யாருக்காவது இம்மருந்துகளுக்குப் பின் காது கேளாமல் போயிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

படி 8: ஒரு புரதத்தை எடுத்து நீங்களே சோதித்துப் பாருங்கள்

மரபணு அறிக்கையில் எம்ஆர்பிஎஸ்34 என்று வருகிறது, இரண்டு பிரதிகளிலும் மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையைத் திருப்பினால் புதுப் பெயர் எம்எஸ்34. முதல் எழுத்து எம், ஆகவே பாக்டீரியாவில் இணை இல்லை, ஈ.கோலை கட்டுரைகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எஸ் என்றிருக்கிறது, படத்தைத் திறந்து சிறு துணையலகில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இருக்கிறது. அப்படியானால் 12எஸ் குறைந்திருக்க வேண்டும், முதல், நான்காம் கூட்டமைப்புகள் தளர்ந்திருக்க வேண்டும், இரண்டாவது நன்றாக இருக்க வேண்டும். பதிவான நோயாளிகளிலும் சிறு துணையலகு நிலைகுலைந்து, முதல், நான்காம் கூட்டமைப்புகள் குறைந்து, மூளையின் அடித்தண்டுப் பகுதிகளைத் தாக்கும் லீ நோய்க்குறித்தொகுப்பு வந்திருந்தது. எலிகளில் இதே மரபணுவை மாற்றியபோது 12எஸ் குறைந்தது.

இதே வரிசையில் அடுத்து எம்ஆர்பிஎல்44-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரிய துணையலகில் இருக்கிறது என்பதால் நீங்கள் முதலில் தேட வேண்டிய ஆர்என்ஏ 16எஸ்.